ஐந்து தீவுகளும் பதினொரு நாட்களும்

பதினொரு நாட்களுக்குள் ஐந்து தீவுகளும் அடங்கவில்லை. செண்பகம் மூன்றாவது தடவையாக விரல் விட்டு எண்ணினாள். போக ஒரு நாள், வர ஒரு நாள், மிச்சம் ஒன்பது. சுமத்ராவின் மழைக்காட்டுக்கு மூன்று, ஜாவாவின் எரிமலைகளுக்கு நான்கு, பாலிக்கு ஒன்று, லொம்போக்கில் கடற்கரைக்கு இரண்டு, ஃப்ளோரஸில் அந்த மூன்று ஏரிகளுக்கு மூன்று. ஆகப் பதின்மூன்று. ஒவ்வொரு தடவையும் பதின்மூன்றுதான் வந்தது. தான் எண்ணுவதில்தான் ஏதோ பிசகு, கணவர் கதிரேசன் எண்ணியிருந்தால் ஒன்பதிலேயே சமர்த்தாக நின்றிருக்கும் என்று தோன்றியது. சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த வரைபடம் சுருண்டுகொண்டே வந்ததால் நான்கு மூலைக்கும் உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில், தண்ணீர்ச் சொம்பு, அவருடைய கண்ணாடிக் கூடு என்று பாரம் வைத்திருந்தாள். உப்பு ஜாடி ஆஸ்திரேலியாவின் மேல் உட்கார்ந்திருந்தது. மணி இரண்டேகால். வைகுண்ட ஏகாதசி என்று திருச்சிக்கு உள்ளூர் விடுமுறை, அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் தேர்வுப் பிரிவும் மூடல். தெருவே ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டிருந்தது. மார்கழி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கொண்டுவந்து கோடு கோடாகத் தீவுகளின் மேல் போட்டது. ஒரு கோடு ஜாவாவைக் குறுக்கே வெட்டியது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்து கடலில் இறங்கியது. காலையில் நித்திலா பெங்களூரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னது அந்த வெயிலோடு சேர்ந்து வீட்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. "சித்தி, ஆபீஸ்ல வருஷ லீவு லிஸ்ட்டை இன்னிக்கு ஆறு மணிக்குள்ள போட்டுடணும். ஜூன்ல பதினொரு நாள் கிடைக்கும். அப்பா பிளான் போட்டு வெச்சாரே அந்தத் தீவு டிரிப், அதை நாம ரெண்டு பேரும் போய் முடிச்சிடலாமா? டைரி உங்ககிட்டதானே இருக்கு? எங்கெங்க எத்தனை நாள்னு பார்த்து வைங்க, அஞ்சரைக்குக் கூப்பிடறேன்." செண்பகம் உடனே சரி என்றாள். நித்திலா எது கேட்டாலும் அவள் உடனே சரி என்றுதான் சொல்வாள். சரி சொன்ன பிறகுதான் யோசிப்பாள், இந்தப் பதினேழு வருஷமும் அப்படித்தான்.

முடிச்சிடலாமா. போலாமா என்று கேட்கவில்லை, முடிச்சிடலாமா என்று கேட்டாள். பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதைபோல அந்தச் சொல் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. பாக்கி வேலையை முடிப்பது, பரீட்சையை முடிப்பது, காரியத்தை முடிப்பது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வருஷத் திதியை முடித்தார்கள், அன்றைக்கு ராத்திரி பஸ்ஸுக்கே நித்திலா கிளம்பிப் போனாள், போகும்போது வாசலில் நின்று "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சித்தி" என்றாள். இப்போது இதையும் முடித்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது? அவர் இருந்தவரை அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், இந்தப் பக்கம் பெண்டாட்டி, அந்தப் பக்கம் மகள். அவர் எழுந்துபோன பின்னும் இரண்டு பேரும் அதே இடைவெளியை விட்டுக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரத்தமா, இல்லை. சட்டமா, அவர் சம்பந்தப்பட்ட எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. சித்தி என்ற ஒரு சொல்தான் இருக்கிறது, அதுவும் போனில் கூப்பிட்டால்தான் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிற இருபத்தைந்து வயதுப் பெண் நாளைக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டு ஏதாவதொரு நாட்டுக்குப் போய்விட்டால் தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், அப்புறம் பொங்கலுக்கு மட்டும். ஆனால் முடிச்சு என்றால் இன்னொன்றும் இருக்கிறதே. முடிச்சு இடலாமா. அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வெறும் வீட்டில் அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பெங்களூரில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் இத்தனை இலக்கணமா பேசப்போகிறாள், அவள் பாட்டுக்குச் சொல்லியிருப்பாள்.

டைரியைத் திறந்தாள். கொதிகலன் தொழிற்சாலையில் வருஷா வருஷம் கொடுக்கிற கனத்த நீல டைரி. கதிரேசனுக்கு அங்கே முப்பத்திரண்டு வருஷ வேலை, கொதிகலனுக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது. எரிமலைப் பைத்தியம் அங்கேயிருந்துதான் பிடித்திருக்க வேண்டும். டீவியில் எங்கேயாவது மலை புகைந்தால் சாப்பிடுகிற கையோடு எழுந்து நிற்பார். "பார்த்தியா செண்பகம், பூமிக்கும் நம்ம பாய்லர் மாதிரிதான். உள்ள இருக்கறது வெளிய வர ஒரு வழி வேணும். வழி வெச்சிருக்கிற மலை நல்ல மலை. வாயை மூடிக்கிட்டு இருக்கே, அதுகிட்டதான் பயப்படணும்." அவர் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டு அவள் மோர் ஊற்றுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தவர் கடைசியில் அவர்தான். நெஞ்சு ஒரு வாரமாக அழுத்தியதைச் சொல்லவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிப் போகிற வழியில் டீக்கடை பெஞ்சில் சாய்ந்தவர்தான். வயது ஐம்பத்தேழு. இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு, ஓய்வு பெற்ற மறுமாதம் ஐந்து தீவு என்று கணக்குப் போட்டிருந்தார். தீவுக்குத் தீவு போகிற நாளும் சேர்த்துப் பதினெட்டு நாட்களுக்குப் போட்டிருந்தார், அதைத்தான் இவள் பதினொன்றுக்குள் மடிக்கப் பார்க்கிறாள். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பக்கம். எழுத்துகள் எல்லாம் தொழிற்சாலைப் படிவம் நிரப்புவதுபோல நிமிர்ந்து நின்றன. எந்தப் படகு, எத்தனை மணிக்கு, கரையிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே சோறு கிடைக்குமா. சோறு கிடைக்குமா என்பதற்குக் கீழே இரட்டைக் கோடு.

முதலில் சுமத்ராவை அடித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தாள். மழைக்காடு, மூன்று நாள், அட்டை கடிக்கும், புகையிலை எடுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார். பென்சில் கோடு போடவில்லை. அடியில் இன்னொரு வரி இருந்தது. அந்தக் காட்டில் இருக்கிற மனுஷக் குரங்கு தன் குட்டியை ஏழு எட்டு வருஷம் கூடவே வைத்துக்கொண்டு திரியுமாம், எந்தப் பழம் எந்த மாதம் பழுக்கும், ராத்திரி கிளைகளை எப்படி மடக்கிப் படுக்கை போடுவது என்று அத்தனையும் சொல்லிக் கொடுத்த பிறகுதான் விடுமாம். எட்டு வருஷம். அவள் இந்த வீட்டுக்குள் வலது காலை வைத்து வந்தபோது நித்திலாவுக்கு எட்டு வயது. ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். நடுவில் இரண்டு வருஷம் பாடம் நின்றுபோன குட்டி. கல்யாணத்தன்று பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்து, இலையில் வைத்த ஜாங்கிரியைத் தொடாமல், நேராகப் பார்த்துக் கேட்டது: "எங்க வீட்ல எத்தனை நாள் இருப்பீங்க?" விருந்தாளியைக் கேட்கிற மாதிரி மரியாதையாகத்தான் கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முப்பத்து மூன்று வயதில் கல்யாணமான செண்பகத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் அந்தக் குழந்தை தன் தலையைத் தொடவிடவில்லை. கதிரேசன்தான் ரெட்டைப் பின்னல் போடுவார், தொழிற்சாலையில் கொதிகலனைச் சோதிக்கிறவர் போட்ட பின்னல், ஒன்று வடக்கே பார்க்கும், ஒன்று கிழக்கே பார்க்கும். பிறகு பள்ளிக்கூடத்தில் பேன் வந்தது. வகுப்பு முழுக்கப் பேன். அப்பாவுக்குப் பேன் பார்க்கத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இதே மாதிரி வெயில், குழந்தை தானாக வந்து கொல்லைப்படியில் அவள் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டது. வேப்பெண்ணெய் வாசனை. வெதுவெதுவென்று மண்டை. ஈரை நகத்தில் வைத்துக் குத்தினால் டக் என்று ஒரு சத்தம், ஒவ்வொரு டக்குக்கும் குழந்தை எண்ணியது, நாற்பத்தியொன்றில் தூங்கிப்போயிற்று. கால் மரத்துப் போயும் செண்பகம் இருட்டும்வரை அசையவில்லை. பேன் போய்விடுமே என்று கவலைப்பட்ட ஒரே பெண்பிள்ளை உலகத்தில் தானாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தாள். சரி, சுமத்ரா இருக்கட்டும், வேறு எதையாவது அடிப்போம்.

மணி மூன்றுக்கு மேல் ஆகியிருக்கும். எங்கோ தூரத்தில் ஒலிபெருக்கி, ரங்கா ரங்கா என்று ஆற்றைக் கடந்து காற்றில் துண்டு துண்டாக வந்தது. ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஊரை விட்டுப் போனால் அதுவும் தீவுதான், ஸ்ரீரங்கமும் தீவுதான், டவுன் பஸ்ஸில் ஏறி இருபது நிமிடத்தில் போய் இறங்குகிற தீவு. எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், சொம்பை எடுத்ததும் மலேசியா பக்கம் சுருண்டு வந்து ஜாவாவை மூடியது. மறுபடி விரித்தாள். ஃப்ளோரஸுக்கு மட்டும் கதிரேசன் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஒரே மலையின் உச்சியில் மூன்று பள்ளங்கள், மூன்றிலும் தண்ணீர், ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, நிறமும் நிலையில்லை, மாறிக்கொண்டே இருக்கும். செத்தவர்களின் உயிர் அங்கேதான் போய்ச் சேரும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். வயதானவர்களுக்கு ஒரு ஏரி, இளம் வயதில் போனவர்களுக்கு ஒன்று, கெட்டவர்களுக்கு ஒன்று. அவர் எந்த ஏரியில் இருப்பார்? ஐம்பத்தேழு வயது வயதானதில் சேர்த்தியா? சேர்த்தி இல்லை என்று வாசலில் நின்று சண்டை போடுவார், ரேஷன் கார்டைக் கொண்டா என்பார். இல்லை, பேசாமல் வயதானவர்கள் ஏரியில் இறங்கி அதன் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கத் தொடங்கிவிடுவார். அப்போது லலிதா? கூடத்துச் சுவரில் படமாக இருக்கிற, நித்திலாவைப் பெற்ற லலிதா. மஞ்சள் காமாலையில் போனபோது இருபத்தொன்பது. அவள் இளையவர்கள் ஏரியில்தான். அப்படியென்றால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இல்லை. அந்த நினைப்பு வந்தவுடன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாகத் துள்ளியது. துள்ளியதைச் செண்பகம் பார்த்துவிட்டாள். சீ என்று ஆனது. ஐம்பது வயதில், செத்தவர்கள் எந்தத் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று பொறாமை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். தினமும் அவள் கையாலேயே பூ வைக்கிற படம்தான். லலிதா எப்போதும்போல லேசாகத் தலையைச் சாய்த்து, என்ன யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதுபோலப் பார்த்தாள். கோபமாக இல்லை. நித்திலாவுக்கு இப்போது அதே முகம், இன்னும் நாலு வருஷத்தில் அதே வயது, அப்புறம் அம்மாவைவிடப் பெரியவளாகிவிடுவாள். நான் போனால் எந்த ஏரி? நான் வயதாகிப் போனால் அவரிடம் போவேன், அங்கேயும் எனக்குத்தான் அவர், இவளுக்கு இல்லை. மறுபடியும் பார்! ஏரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பக்கத்தைப் புரட்டினாள், ஆனால் பச்சையும் நீலமும் கறுப்புமாகத் தண்ணீர் கொஞ்ச நேரம் கண்ணுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது, கரையில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், யாரென்று தெரியவில்லை.

புரண்ட பக்கத்தில் ஜாவா. ஜாவாவின் கிழக்குக் கோடியில் இஜென் என்று ஒரு எரிமலை. அதன் வாய்க்குள் கந்தகம் எரியும்போது நெருப்பு நீலமாக இருக்கும், விடிந்தால் தெரியாது, ஆகவே ராத்திரியே ஏற வேண்டும் என்று எழுதியிருந்தார். கந்தகக் கட்டிகளைக் கூடையில் வைத்துக் காவடிபோலத் தோளில் தூக்கிக்கொண்டு எதிரே ஆட்கள் இறங்கி வருவார்கள், அவர்களுக்கு வழி விட வேண்டும். முகமூடி வாடகைக்குக் கிடைக்கும். கடைசியில், "இரவு ஒரு மணிக்கு ஏற்றம். மூன்று கிலோமீட்டர். நானும் நித்தியும். செண்பகம் விடுதியில் ஓய்வு." ஓய்வு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முட்டி என்று எழுதியிருந்தார். செண்பகம் அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். அதே பக்கத்தில் அடுத்த எரிமலைக்குப் போனாள், அங்கேயும் இருந்தது, செண்பகம் ஜீப்பில். லொம்போக்கில் அருவி, செண்பகம் மேலே கடையில். ஐந்து தீவிலும் அவளுக்கென்று ஓர் உட்காருமிடம் பார்த்து வைத்திருந்தார். நிழல் இருக்கிறதா, நாற்காலி போடுவார்களா, பக்கத்தில் கழிப்பறை உண்டா என்று விசாரித்து எழுதியிருந்தார். எவ்வளவு அக்கறை! கண் கரித்தது. கரிக்கிற கண்ணுக்குப் பின்னால் வேறொன்று மெதுவாகப் புகைந்தது.

ஏனென்றால் அவளுக்கு முட்டி வலி கிடையாது. இருந்ததே இல்லை. கல்யாணமான முதல் வருஷம் கொல்லிமலைக்குப் போனார்கள், ஆகாயகங்கை அருவிக்கு, ஆயிரத்துச் சொச்சம் படி கீழே இறங்க வேண்டும். படி ஆரம்பிக்கிற இடத்தில் கதிரேசன் ஒரு கையில் மகளையும் ஒரு கையில் புதுப் பெண்டாட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை அந்த இரண்டாவது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் செண்பகம் கையை விடுவித்துக்கொண்டு, "எனக்கு முட்டி வலிக்குதுங்க, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, பை எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாள். குழந்தையின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல வெளிச்சம். அவ்வளவுதான், அந்த ஒரு நாளுக்காகச் சொன்னது. ஆனால் வலி என்று சொல்லிவிட்டால் அது போக வேண்டுமே, கதிரேசன் போகவிடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் தைலம் வந்தது, ராத்திரி ராத்திரி அவரே தேய்த்துவிட்டார். முட்டிக்கு உறை வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், படம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அவர் டாக்டரை நம்பவில்லை, மனைவியை நம்பினார். அடுத்த வருஷம் கொடைக்கானல், அடுத்தது குற்றாலம், ஏற்காடு. எங்கே போனாலும் பைகளும் அவளும் ஒரு பெஞ்சில். மேலேயோ கீழேயோ இரண்டு பேரும் சின்னதாகிச் சின்னதாகி மரங்களுக்குள் மறைவார்கள். வலி இல்லை என்று எப்போது சொல்லியிருக்க வேண்டும்? முதல் தைலத்தின்போதே சொல்லியிருக்கலாம். அப்புறம் அந்தப் பொய்யின் மேல் அவர் அத்தனை அன்பைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார், தோண்டி எடுத்தால் அன்பும் சேர்ந்தல்லவா சரியும். ஆகாயகங்கையில் அன்றைக்கு இரண்டரை மணி நேரம். மழை வந்தது. ஒரு குரங்கு சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அருவியின் சத்தம் மட்டும் அடியிலிருந்து ஏறி வந்துகொண்டே இருந்தது, ஹோவென்று, இன்றுவரை அவள் பார்க்காத தண்ணீர்.

செண்பகம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். கூடத்தின் நடுவில் நின்று மெதுவாகக் குந்தினாள். எழுந்தாள். மறுபடி குந்தினாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள், பன்னிரண்டு எண்ணும்வரை நிற்க முடிந்தது, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது, முட்டி வலிக்கவில்லை. ஐம்பது வயது முட்டிகள், உபயோகிக்காமல் பெட்டியில் வைத்த பாத்திரம்போல. சிரிப்பு வந்தது, சிரிப்பு நின்றதும் பயம் வந்தது. இப்போது என்ன செய்வது? நித்திலா ஐந்தரைக்குக் கூப்பிடுவாள். இஜெனுக்கு இரண்டு நாள், நீ மேலே போ, நான் விடுதியில் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம், அவருடைய திட்டம்தான், அதன்படியே போய் முடிச்சிடலாம். தெரியாத ஊரில் ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பெண்ணைத் தனியாக இருட்டில் மலைமேல் அனுப்பிவிட்டு, விடுதிக் கட்டிலில் பைகளோடு உட்கார்ந்திருக்கலாம். பதினெட்டாவது வருஷ பெஞ்ச். அல்லது சொல்லிவிடலாம். சொன்னால் என்ன நினைப்பாள்? எங்க அப்பாவை இத்தனை வருஷம் ஏமாத்தினீங்களா என்று கேட்டால்? கேட்க மாட்டாள், கேட்டால் பரவாயில்லை, மரியாதையாகச் சரிங்க சித்தி என்பாள், அதற்கப்புறம் போன் குறையும். வெயில் மேசையை விட்டு இறங்கித் தரையில் நீண்டு லலிதாவின் படத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மத்தியானம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். படகில் போய்க்கொண்டிருந்தாள், உப்புக் காற்று, தீவுகள் ஒவ்வொன்றாகக் கூம்பு கூம்பாக எழுந்து வந்தன, ஒவ்வொன்றின் கரையிலும் ஒரு காலி பெஞ்ச் போட்டிருந்தது, படகோட்டி ஒவ்வொன்றாகக் காட்டி இங்கே இறங்குகிறீர்களா என்று கேட்டான், அவள் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே போனாள்.

போன் அடித்தது. ஐந்து முப்பத்திரண்டு.

"சித்தி, பார்த்தீங்களா? எத்தனை தீவு முடியும்?"

"அஞ்சும் முடியாது நித்தி. அவர் போட்டது பதினெட்டு நாள்."

"நானும் அதான் நினைச்சேன். எதை விடலாம்? இஜென் கட்டாயம் போகணும்ல, அப்பா அதைப் பத்திதான் எப்பவும் பேசுவாரு." அவள் குரல் வழக்கம்போல வேகமாக இருந்தது, பின்னால் விசைப்பலகை தட்டுகிற சத்தம். "அது ராத்திரி ஏறணும். நீங்க கீழ ரூம்ல இருந்துக்கோங்க. நான் வந்து…"

"நித்தி."

"சொல்லுங்க சித்தி."

"எனக்கு முட்டி வலி இல்ல."

"பரவாயில்லையே, எப்ப சரியாச்சு?"

"சரியாகல. எப்பவுமே இருந்ததில்ல." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்து அவள் நிறுத்தாமல் சொன்னாள். "கொல்லிமலையில உங்க அப்பா கூட நீ தனியா போகணும்னு நின்னே. அதுக்காக ஒரு பொய் சொன்னேன். அப்புறம் அவர் தைலமெல்லாம் வாங்கிட்டு வந்துட்டாரு. என்னால திருப்பி வாங்க முடியல. நானும் இஜென் ஏறணும். மேல போயி அந்த நெருப்பைப் பார்க்கணும். எனக்கு ஆசையா இருக்கு."

தட்டுகிற சத்தம் நின்றது. பெங்களூரின் ஏதோ ஒரு சாலையில் ஹாரன் அடித்து ஓய்ந்தது. செண்பகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வரைபடத்தின் வெறும் நீலத்தைப் பார்த்தாள், அங்கே எழுத்துகூட இல்லை.

"சித்தி," என்றாள் நித்திலா. குரல் சிறியதாகியிருந்தது. "நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு உயரம்னா பயம்."

"என்னது?"

"சின்ன வயசுலேர்ந்தே. அன்னிக்கு நீங்க வரலைன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம், அப்பா எனக்கே எனக்குன்னு. பாதிப் படியில கீழ பார்த்தேன் பாருங்க, காலெல்லாம் நடுங்கிப்போச்சு. அழுதேன். அப்பா அருவியோட சாரல்னு நினைச்சாரு. அவர் அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு சித்தி, எப்படிச் சொல்றது? அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மலை. நீங்க பெஞ்சுல உக்காந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டே ஏறுவேன். எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா?"

"சிப்ஸைக் குரங்கு தூக்கிட்டுப் போச்சுடி," என்றாள் செண்பகம். டி வாயிலிருந்து தானாக விழுந்தது. அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

இரண்டு பேரும் சிரித்தார்கள். யார் முதலில் தொடங்கியது என்று தெரியவில்லை. சிரித்து, ஓய்ந்து, ஒருவர் மூச்சுவிட மற்றவர் மறுபடி தொடங்கி, கடைசியில் இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் இருந்தது.

"அப்ப அந்த அத்தனை மலையிலயும் அப்பா ஒருத்தர்தான் உண்மையா ஏறியிருக்காரு," என்றாள் நித்திலா.

"பாவம் மனுஷன்."

"பாவம்லாம் இல்ல. நல்லா ஏறினாரு." விசைப்பலகை மறுபடி சத்தம் போடத் தொடங்கியது. "நீங்க ஏறுங்க சித்தி. ஒரு வழிகாட்டியை ஏற்பாடு பண்ணிடலாம். நான் கீழ ரூம்ல பையைப் பார்த்துக்கிட்டுப் படுத்துத் தூங்கறேன். பீச்சுன்னா ரெண்டு நாள் சேர்த்துப் போடுங்க, எனக்கு மட்டமான தரைதான் வேணும். ஜாவா, பாலி, அவ்வளவு போதும்."

"சுமத்ரா? அந்த ஏரிங்க?"

"அது அடுத்த தடவைக்கு இருக்கட்டும். எல்லாத்தையும் ஒரே தடவையில எதுக்குப் பார்க்கணும்? சரி, மணி அஞ்சு அம்பது. ஜூன் பன்னெண்டுலேர்ந்து இருபத்திரெண்டு. போட்டுடவா?"

"போடு."

போனை வைத்த பிறகும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஆட்டோக்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன, கதவுகள் திறந்தன, யாரோ யாரிடமோ கூட்டம் எப்படி நெரித்தது என்று உரக்கச் சொன்னார்கள். வீட்டுக்குள் விளக்குப் போடாமல் வரைபடம் மங்கிக்கொண்டு வந்தது, முதலில் எழுத்துகள் போயின, பிறகு எல்லைகள், கடைசியில் நிலம் எது நீர் எது என்று தெரியாமல் ஒரே சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிறத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள். குளிர். காலுக்கடியில் நறநறவென்று மண். முன்னால் ஒரு வழிகாட்டியின் கைவிளக்கு ஆடி ஆடிப் போயிற்று. எதிரே கூடை சுமந்த ஒருவன் இறங்கி வந்தான், மூங்கில் கீச்கீச்சென்று பேசியது, அவள் ஒதுங்கி வழிவிட்டாள், அவன் தன் மொழியில் ஏதோ சொன்னான், நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும். கந்தகம் தொண்டையைக் கிள்ளியது. ஒரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கீழே பார்த்தாள். இருட்டின் அடியில் ஒரே ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், அங்கே பைகளுக்கு நடுவில் குறுக்கே கையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் தூங்குகிறாள், விளக்கை அணைக்காமல் தூங்குகிறாள், இவள் இறங்கி வரும்போது வழி தெரிய வேண்டும் என்று. செண்பகம் திரும்பி ஏறினாள். இன்னும் கொஞ்சம்தான். மண் கல்லாயிற்று, கல் விளிம்பாயிற்று, காற்று ஒரே மூச்சாக முகத்தில் அடித்தது, விளிம்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு வெளிச்சம் மேலே ஏறி வந்தது. அதற்கு அப்பால் என்ன என்று மனது எட்டிப் பார்க்கப் போயிற்று. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். வேண்டாம், ஜூனில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து விளக்கைப் போட்டாள்.